துப்பறிவாளரும் பிளவுண்ட நகரமும்: கொல்கத்தா தரும் சான்றும் தமிழாய்வின் தயக்கமும்

முன்னுரை

துப்பறியும் புனைகதையை இலக்கிய ஆய்வின் எல்லைக்குள் கொண்டுவருவதில் தமிழ்த்துறைகளுக்கு நெடுநாளாகவே ஒரு தயக்கம் உண்டு. நூறாண்டுக்கும் மேலாகத் தமிழ் வாசகர் விரும்பிப் படித்துவரும் இவ்வகைமை, இலக்கிய வரலாற்று நூல்களில் ஓரிரு பத்திகளைத் தாண்டி இடம்பெறுவது அரிது. இத்தயக்கத்திற்கு மூன்று காரணங்கள் கூறப்படுவதுண்டு. துப்பறியும் கதை மேலைநாட்டிலிருந்து வந்த இரவல் சரக்கு என்பது ஒன்று. அது பொழுதுபோக்கிற்கு உரியதேயன்றிச் சமூகத்தின் பிளவுகளைப் பேச வல்லதன்று என்பது மற்றொன்று. புகழ்பெற்ற துப்பறிவாளரை வேறொரு காலத்திற்கும் வேறொரு அரசியற் சூழலுக்கும் பெயர்த்து எழுதுவது மூலத்தைச் சிதைக்கும் செயல் என்பது மூன்றாவது.

இம்மூன்று கூற்றுகளும் பிழையானவை. அவற்றை மறுப்பதற்குரிய வலுவான சான்றுகள் வங்காளத்திலிருந்து, குறிப்பாகக் கொல்கத்தாவிலிருந்து கிடைக்கின்றன. அச்சான்றுகளை முன்வைத்து இக்கூற்றுகளை மறுப்பதும், தமிழாய்வு மேற்கொள்ள வேண்டிய பணிகளைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

இரவல் என்னும் வாதம்

ஷெர்லாக் ஹோம்ஸ் முதன்முதலில் அச்சில் தோன்றியது 1887இல். அதற்கு ஐந்தாண்டுகள் கழித்து, 1892இல், கல்கத்தாக் காவல்துறையில் துப்பறியும் பிரிவில் பணியாற்றிய பிரியநாத் முகோபாத்யாய் 'தாரோகார் தப்தர்' என்னும் வரிசையை வெளியிடத் தொடங்கினார். தாம் கையாண்ட வழக்குகளின் அனுபவத்திலிருந்து அவர் எழுதிய இக்கதைகள் இருநூறுக்கும் மேற்பட்டவை. 1894இல் சென்னையில் பண்டித ச. ம. நடேச சாஸ்திரி 'தானவன் என்ற போலீஸ் நிபுணன் கண்டுபிடித்த அற்புதக் குற்றங்கள்' என்னும் நூலை வெளியிட்டார். இரு மாநகரங்களிலும் இவ்வகைமை ஏறத்தாழ ஒரே காலத்தில் வேர்கொண்டமை தற்செயலன்று. காலனியக் காவல்நிலையம், குற்றவியல் நீதிமன்றம், அச்சகம், நகர்ப்புற வாசகர் என்னும் நான்கும் கூடிய இடத்தில் இக்கதை பிறந்தது. அந்நான்கும் கல்கத்தாவில் இருந்தன, சென்னையிலும் இருந்தன.

நடேச சாஸ்திரியார் நாட்டார் கதைகளைத் திரட்டியவர். தொல்லியல் துறையிற் பணியாற்றியவர். தமிழில் துப்பறியும் கதைக்கு வித்திட்டவர் ஓர் ஆய்வறிஞர் என்பதைத் தமிழாய்வே மறந்துபோனது வியப்பிற்குரியது. இரவல் என்பதே குற்றமாயின், மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் வெளிவந்தபோது நாவல் என்னும் வடிவமும் இரவலே. அதை எவரும் பாடத்திட்டத்திலிருந்து நீக்கக் கோரவில்லை. ஆகவே வடிவத்தின் பிறப்பிடம் இங்குச் சிக்கலன்று; அதைப் படித்தவர் யாவர் என்பதே சிக்கல். எளியோர் விலைகொடுத்து வாங்கிப் படித்தது எதுவாயினும் அது இலக்கியமாகாது என்னும் முன்முடிவே இவ்வாதத்தின் அடியில் கிடக்கிறது.

சான்று, விசாரணை, அதிகாரம் என்பன தமிழ் மரபிற்கு அயலானவையும் அல்ல. சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதை, தக்க விசாரணையின்றி அளிக்கப்பட்ட தண்டனையையும், பரல் முத்தா மாணிக்கமா என்னும் ஒரே தடயத்தால் அத்தீர்ப்பு தகர்ந்ததையும் கூறுகிறது. சிலப்பதிகாரத்தைத் துப்பறியும் கதை என்று கூறுவது நகைப்பிற்கிடமாகும். ஆயினும் தடயத்திற்கும் ஆட்சிக்கும் இடையிலான மோதலைக் காப்பியத்தின் உச்சமாக வைத்த ஒரு மொழியின் அறிஞர்கள், அதே மோதலை மையமாகக் கொண்ட ஒரு புனைகதை வகையை அயற்சரக்கு என ஒதுக்குவது முரணாகும்.

கலவரத்துள் ஒரு கொலை

துப்பறியும் கதை அரசியற் பிளவைப் பேசாது என்னும் இரண்டாம் கூற்றிற்குச் சரதிந்து பந்தோபாத்யாயின் (1899-1970) படைப்புகளே தக்க மறுப்பாகும். அவர் படைத்த பியோம்கேஷ் பக்ஷி 1932இல் வங்க வாசகருக்கு அறிமுகமானான். துப்பறிவாளன் என்னும் பட்டத்தை விரும்பாது, தன்னைச் 'சத்தியான்வேஷி', அதாவது உண்மையைத் தேடுபவன், என்றே அவன் அழைத்துக்கொள்கிறான். முழுமை பெற்ற பியோம்கேஷ் கதைகள் முப்பத்திரண்டு. 1930களின் நடுப்பகுதியில் நிறுத்திய இவ்வரிசையைச் சரதிந்து 1950களின் தொடக்கத்திலேதான் மீண்டும் எழுதத் தொடங்கினார். இந்த இடைவெளியில் வங்காளம் 1943இன் பஞ்சத்தையும், 1946 ஆகஸ்டு 16இல் வெடித்த கல்கத்தாப் பெருங்கலவரத்தையும், 1947இன் பிரிவினையையும் கண்டுவிட்டது. எழுத்தாளர் மீண்டும் பேனாவை எடுத்தபோது அவருடைய துப்பறிவாளன் வாழும் நகரம் பழைய நகரமாக இல்லை.

1955இல் வெளிவந்த 'ஆதிம ரிபு' என்னும் கதை இதற்குச் சான்றாகும். கலவரத்தின் சூடு தணியாத கல்கத்தாவில் அக்கதை தொடங்குகிறது. கொலையுண்ட அனாதி ஹால்தார் போர்க்காலக் கள்ளச்சந்தையில் பணம் திரட்டியவர். காளி பூசை இரவின் வெடியோசையில் அவரைக் கொன்ற துப்பாக்கியின் ஓசை மறைந்துபோகிறது. நாடு விடுதலை பெறும் வேளையில் புதிர் அவிழ்கிறது. ஆனால் குற்றவாளி காவல்துறையிடம் ஒப்படைக்கப்படுவதில்லை.

இவ்விடம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. துப்பறியும் கதையின் இலக்கணப்படி, உண்மை வெளிப்பட்டதும் குற்றவாளி சட்டத்தின் கையில் சேர்தல் வேண்டும். அப்போதுதான் குலைந்த ஒழுங்கு மீளும் என்பது வகைமையின் நம்பிக்கை. ஆனால் ஆயிரக்கணக்கானோர் தெருவில் கொல்லப்பட்டும் கொன்றவர் எவரும் கூண்டேறாத ஒரு நகரத்தில், ஒரு வீட்டு மாடியில் நிகழ்ந்த ஒற்றைக் கொலைக்கு மட்டும் சட்டத்தின் தராசைத் தூக்குவது என்ன நீதி என்னும் வினா அம்முடிவில் மறைந்திருக்கிறது. உண்மையைக் கண்டறிதலும் நீதி வழங்கலும் ஒன்றல்ல என்பதைச் சரதிந்து கதையின் கட்டமைப்பைக்கொண்டே உணர்த்திவிட்டார். பிரிவினை பற்றிய சொற்பொழிவு எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை.

1963இல் எழுதப்பட்ட 'மக்ன மைனாக்' இன்னும் ஒருபடி முன்செல்கிறது. அங்குக் குற்றத்தின் வேர் ஓர் அரசியல் தலைவரின் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து அவ்வீட்டில் தங்கிய ஓர் இளம்பெண்ணின் சாவைத் துருவப்புகும் பியோம்கேஷ், விடுதலைப் போராட்டத் தலைமையின் புகழுக்கு அடியில் புதைந்து கிடப்பதைக் காண்கிறான். பிரிவினை நிகழாவிடில் அக்குற்றமே நிகழ்ந்திராது. இத்தகைய கதைகளைப் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடுவோர் அவற்றைப் படித்தவராக இருத்தல் இயலாது.

பின்புலமும் முடிச்சும்

ஆயினும் அரசியல் இடம்பெற்றுவிட்டாலே ஒரு துப்பறியும் கதை உயர்ந்துவிடும் என்பதன்று இக்கட்டுரையின் வாதம். இங்கு ஓர் அளவுகோல் தேவைப்படுகிறது. அரசியற் பிளவு கதையின் பின்புலமாக மட்டும் நிற்கிறதா, அல்லது அதன் முடிச்சுக்குள்ளேயே நுழைகிறதா என்பதே அவ்வளவுகோல். குற்றத்தின் நோக்கம், தடயத்தின் தன்மை, சாட்சியின் நம்பகம், தீர்ப்பு ஆகிய நான்கில் ஒன்றையேனும் அப்பிளவு மாற்றியமைத்தால் அது முடிச்சு. தெருவில் ஊர்வலம் செல்லக் கதை வீட்டுக்குள் வழக்கம்போல் நடந்தால் அது வெறும் பின்புலம்.

இவ்வளவுகோலைக் கொண்டு நோக்கினால் சத்யஜித் ரேயின் ஃபெலுதா கதைகள் ஒரு சுவையான சிக்கலை முன்வைக்கின்றன. ஃபெலுதா 1965இல் 'சந்தேஷ்' சிறுவர் இதழில் தோன்றினான். நக்சல்பாரி எழுச்சி நிகழ்ந்த 1967ஐ அடுத்த ஆண்டுகளில் கல்கத்தா குருதியில் தோய்ந்தது. அக்காலத்தை ரே 'பிரதித்வந்தி' (1970), 'சீமாபத்தா' (1971), 'ஜன ஆரண்யா' (1976) ஆகிய திரைப்படங்களில் கூர்மையாகப் பதிவுசெய்தார். ஆனால் அதே கையால் அதே ஆண்டுகளில் எழுதப்பட்ட ஃபெலுதா கதைகளில் அந்நகரம் பெரும்பாலும் அமைதியாகவே இருக்கிறது. சிறுவர்க்கு எழுதியதால் நேர்ந்த விலகல் இது என்பது ஏற்கத்தக்க விளக்கமே. எனினும் ஒரே படைப்பாளி ஒரே நகரத்தின் பிளவை ஒரு வடிவத்தில் பேசவும் மற்றொன்றில் பேசாதிருக்கவும் தேர்ந்தெடுத்தார் என்பதே இங்குக் கொள்ளவேண்டிய செய்தி. மௌனம் வகைமையின் இயலாமை அன்று, எழுதுவோரின் தேர்வு.

மூன்றாம் கூற்றையும் இவ்வளவுகோலால் மதிப்பிடலாம். சரதிந்து 1970 செப்டம்பரில் மறைந்தபோது 'விசுபால் வதம்' என்னும் பியோம்கேஷ் கதை முற்றுப்பெறாமல் நின்றது. நாடக மேடையில் நடிகனொருவன் மடியும் அக்கதையைத் தாமே முடித்து, 1971இன் நக்சல் காலக் கல்கத்தாவில் நிறுத்தி, 2022இல் அரிந்தம் சீல் 'பியோம்கேஷ் ஹத்யாமஞ்ச' என்னும் திரைப்படமாக்கினார். இவ்வாறு அரசியற் சூழலைக் கொண்டுவந்து நிறுத்துவதை மூலத்தின்மேல் ஏற்றிய சுமை என்போர் ஒன்றை மறக்கின்றனர். ஆசிரியர் அக்கதையை எழுதிக்கொண்டிருந்தபோதே நகரம் அந்நிலையிலேதான் இருந்தது. ஆகவே அச்சூழலுக்குக் கதையைக் கொண்டுசெல்வது இடப்பெயர்ச்சியன்று. அது கதை பிறந்த காலத்தைக் கதைக்குத் திருப்பித் தருதலாகும்.

மாறாக, 2015இல் வெளிவந்த திபாகர் பானர்ஜியின் இந்தித் திரைப்படம் இளம் பியோம்கேஷை இரண்டாம் உலகப்போர்க் காலத்திற்குக் கொண்டுசென்றது. ஜப்பானியப் படையெடுப்பின் அச்சமும் போதைப்பொருட் கும்பல்களும் அதன் புதிரை நிரப்பின. காட்சியமைப்பில் அது பெரும் உழைப்பைக் கொண்டது. ஆனால் அக்காலக் கல்கத்தாவை உலுக்கிய பஞ்சம் அதன் முடிச்சுக்குள் வரவில்லை. இலட்சக்கணக்கானோர் மடிந்த ஆண்டை எடுத்துக்கொண்டு அச்சாவுகளைப் புதிருக்கு வெளியே நிறுத்திய இடத்திலேயே அப்படத்தின் குறை இருக்கிறது. காலத்தை மாற்றியதைக் குறையாகக் கூறுவோர் குறையைத் தவறான இடத்தில் தேடுகின்றனர்.

வருங்காலத்தை நோக்கிய துப்பறிவாளர்

கடந்த காலத்திற்குச் செல்வது போன்றே வருங்காலத்திற்குச் செல்வதும் இவ்வகைமைக்கு இயல்பானதே. ஹோம்ஸின் தோழர் வாட்சன், ஆப்கன் போரில் 1880இன் மைவந்த் சண்டையில் காயமுற்று இலண்டன் திரும்பியவராகவே முதன்முதலில் அறிமுகமாகிறார். பேரரசின் போர்க்களத்துப் புண் அக்கதையின் முதற்பக்கத்திலேயே இருக்கிறது. 1942இல் ஹாலிவுட் அதே ஹோம்ஸை இரண்டாம் உலகப்போருக்குள் இறக்கி நாஜிகளுக்கு எதிராக நிறுத்தியது. 2018இல் அமெரிக்க எழுத்தாளர் கிளேர் ஓ'டெல் 'எ ஸ்டடி இன் ஆனர்' என்னும் நாவலில், அண்மை எதிர்காலத்தில் இரண்டாவது உள்நாட்டுப் போரால் பிளவுண்ட அமெரிக்காவைப் படைத்தார். அங்கு வாட்சன், அப்போரில் கையிழந்த கறுப்பின மருத்துவப் பெண். ஹோம்ஸும் கறுப்பினப் பெண்ணே. அப்புதிருக்கான விடை அப்போரிலிருந்து பிரிக்கவியலாதது. முதல் வாட்சனின் புண்ணுக்கு இந்த வாட்சனின் புண் நேர் வாரிசு. மூலத்திற்கு உண்மையாயிருத்தல் என்பது ஆடையையும் முகவரியையும் காப்பதன்று. மூலத்தின் உள்ளே இருந்த வினாவைக் காப்பதாகும்.

கொல்கத்தாவிலும் இம்முயற்சியின் தொடக்கம் தென்படுகிறது. தேபாலய் பட்டாச்சார்யாவின் 'பிதாய் பியோம்கேஷ்' (2018) என்னும் திரைப்படம், முதுமையெய்திய பியோம்கேஷை இன்றைய நகரத்தில் நடமாடவிட்டது. சத்தியத்தைத் தேடுபவன், ஒவ்வொரு தரப்பும் தத்தம் சத்தியத்தை வைத்திருக்கும் காலத்தில் என்ன செய்வான் என்பது இனி வங்க எழுத்தாளர்கள் எதிர்கொள்ள வேண்டிய வினா. அதற்கு விடையளிக்க அவர்கள் முதலில் பியோம்கேஷின் எல்லையையும் கடத்தல் வேண்டும். ஹாரிசன் சாலை மாடியறையிலிருந்து நோக்கும் அவனுடைய பார்வை, கற்ற மேல்சாதி வங்க இந்து ஆடவனின் பார்வையே. பாதி மக்கள் முஸ்லிம்களாக இருந்த ஒன்றுபட்ட வங்காளத்தின் கதைகளில் அவர்கள் ஓரத்திலேயே நிற்கின்றனர். இக்குறையை மறைத்துச் சரதிந்துவைப் போற்றுவது ஆய்வாகாது. மறுபடைப்பின் தேவையே இக்குறையினின்றுதான் எழுகிறது.

தமிழ்ப் புனைகதையின் மௌனம்

தமிழில் ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு ஆகியோர் இவ்வகைமைக்குப் பெரும் வாசகர் கூட்டத்தை உருவாக்கினர். தமிழ்வாணனின் சங்கர்லால் தமிழருக்கு உலக நகரங்களை அறிமுகப்படுத்தினார். சுஜாதாவின் கணேஷ் 1968இல் 'நைலான் கயிறு' நாவலில் தோன்றி, பின்னர் வசந்துடன் இணைந்து, வழக்குரைஞரின் அறையையே துப்பறியும் களமாக்கினார். இவர்கள் வாழ்ந்த அதே தமிழ்நாட்டில் 1965இன் இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சி நிகழ்ந்தது. 1968இல் கீழவெண்மணியில் நாற்பத்து நால்வர் எரிக்கப்பட்டனர். 1975 முதல் 1977 வரை நெருக்கடிநிலை நிலவியது. இவற்றைப் புதிரின் முடிச்சாகக் கொண்ட துப்பறியும் கதைகள் எவை, எத்தனை என்னும் வினாவை முறையாக எழுப்ப வேண்டிய இடம் தமிழ்த்துறையே.

கீழவெண்மணி பற்றி இந்திரா பார்த்தசாரதி 'குருதிப்புனல்' எழுதினார். ஆனால் அவ்வழக்கோ, கீழமை நீதிமன்றத்தில் தண்டனை பெற்ற நிலவுடைமையாளர்கள் உயர்நீதிமன்றத்தில் விடுதலை பெற்ற வழக்கு. ஊரறிந்த உண்மையும் மன்றத்தின் தீர்ப்பும் எதிரெதிர்த் திசையில் சென்ற அதைவிடத் துப்பறியும் வடிவத்திற்கு உரிய பொருள் யாது? யார் செய்தார் என்பது அங்குப் புதிரன்று. எல்லோரும் அறிந்தது ஏன் நிறுவப்படவில்லை என்பதே புதிர்.

இம்மௌனத்திற்கு எழுத்தாளரை மட்டும் குறைகூறுதல் நேர்மையாகாது. சுஜாதா குமுதம் இதழில் 1857இன் எழுச்சியைக் களமாகக் கொண்டு தொடங்கிய 'கறுப்பு சிவப்பு வெளுப்பு' தொடர்கதை எதிர்ப்பின் காரணமாக நிறுத்தப்பட்டது. பின்னர் 'ரத்தம் ஒரே நிறம்' என மாற்றி எழுதப்பட்டது. நூறாண்டுக்கு முந்திய வரலாறே இப்பாடு பட்டதெனில், நிகழ்காலப் பிளவைத் தொடவிருந்தோர் கற்ற பாடம் என்னவாக இருந்திருக்கும் என்பதை ஊகித்தறியலாம். அதே சுஜாதா 'என் இனிய இயந்திரா'வில் சர்வாதிகாரத்தின்கீழ் அமைந்த எதிர்கால இந்தியாவைப் படைத்து, காணாமற்போன கணவனைத் தேடும் பெண்ணொருத்தியைக் கதையின் நடுவில் வைத்தார். எதிர்காலம் என்னும் திரையின் பின்னால் நின்று தமிழ் எழுத்தாளர் அரசைப் பற்றிப் பேச முடிந்தது என்பதற்கு அது சான்று. ஆனால் அங்குக் கணேஷும் இல்லை, வசந்தும் இல்லை. வாசகர் நம்பிய துப்பறிவாளரை அவ்வெதிர்காலத்திற்குள் அழைத்துச் செல்லும் பணி எஞ்சியே நிற்கிறது.

ஆய்வுத்துறையின் கடமை

இங்கு வங்கத்தின் இன்னொரு சான்று தமிழறிஞரின் கவனத்திற்கு உரியது. சுகுமார் சென் (1900-1992) கல்கத்தாப் பல்கலைக்கழகப் பேராசிரியர்; வரலாற்று மொழியியலில் பேரறிஞர்; வங்க இலக்கிய வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதியவர். அவரே 1988இல் 'கிரைம் காஹினீர் காலக்ராந்தி' என்னும் பெயரில் குற்றப் புனைகதையின் வரலாற்றையும் எழுதினார். பழைய வங்க மொழியின் சொல் வரலாற்றைத் தேடிய அதே கண்ணோடு துப்பறியும் கதையின் வரலாற்றையும் அவர் தேடினார். அதனால் அவருடைய புலமைக்கு இழுக்கு நேர்ந்துவிடவில்லை. வங்கத்தில் ஒவ்வொரு தலைமுறையும் பியோம்கேஷை மீண்டும் படைக்க முனைவதற்கு, அவனை இலக்கியமாக மதித்துப் பதிப்பித்து விவாதித்த அறிவுச்சூழலும் ஒரு காரணமாகும். ஆய்வு புறக்கணித்ததைப் படைப்பு மறுபடைக்காது. ஏனெனில் மறுபடைப்பிற்கு முதலில் மூலம் கிடைத்தாக வேண்டும்.

தமிழில் மூலங்களே அழிந்துகொண்டிருக்கின்றன. மலிவான தாளில் அச்சாகி, இரயில் நிலையக் கடைகளில் விற்று, படித்தபின் பழைய தாள் கடைக்குச் சென்ற மாத நாவல்களைத் தேடுவோர் தொடங்கக்கூடிய இடங்களுள் ஒன்று, விந்தையாக, கொல்கத்தாவிலேயே உள்ளது. 1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி, இந்தியாவில் எம்மொழியில் வெளிவரும் நூலாயினும் அதன் படியொன்று அலிப்பூரில் உள்ள தேசிய நூலகத்திற்கு அனுப்பப்படுதல் வேண்டும். சென்னைக் கன்னிமாரா நூலகத்திற்கும் அவ்வுரிமை உண்டு. எல்லாப் பதிப்பகத்தாரும் சட்டத்தைப் பேணினர் எனக் கொள்வதற்கில்லை. ஆயினும் இவ்விரு நூலகங்களின் தமிழ்ப் பட்டியலையும், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் திரட்டையும் ஒப்பிட்டு ஒரு முழுமையான அடைவு உருவாக்குவது, முனைவர் பட்ட ஆய்வுகள் பலவற்றிற்கு அடித்தளமாகும். ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'நாவலும் வாசிப்பும்' (2002) தொடக்ககால நாவல்களை வாசிப்பின் வரலாற்றோடு இணைத்து நோக்கும் வழியைக் காட்டியுள்ளது. அவ்வழியில் நடப்போர் பெருகுதல் வேண்டும்.

முடிவுரை

துப்பறியும் கதையின் அடிப்படை நம்பிக்கை ஒன்றே: நிகழ்ந்தது ஒன்று, அதைத் தடயங்களால் அறியலாம், அறிந்ததை எல்லோர் முன்னும் நிறுவலாம். மக்கள் இரண்டாகவும் பலவாகவும் பிளவுண்டு, ஒவ்வொரு பிரிவும் தனக்கென ஒரு நிகழ்வை வைத்துக்கொள்ளும் காலத்தில் அந்நம்பிக்கையே சோதனைக்கு உள்ளாகிறது. ஆகவே இக்காலத்தில் இவ்வகைமை முன்னினும் பொருளுடையதாகிறது. 1955இல் சரதிந்து அச்சோதனையை எதிர்கொண்டார். அவருடைய பாத்திரத்தைக் கையேற்ற பின்னோர் சிலர் அதில் வென்றனர். சிலர் அலங்காரத்தோடு நின்றுவிட்டனர். இரண்டையும் பிரித்தறியும் அளவுகோல் திறனாய்வாளரிடம் இருத்தல் வேண்டும்.

தமிழ்த்துறைகள் இவ்வகைமையைத் தீண்டாதிருப்பதால் இலக்கியத்தின் தூய்மை காக்கப்படவில்லை. ஒரு நூற்றாண்டுத் தமிழ் வாசகர் எதை உண்மையென நம்பினர், எதைக் குற்றமென அஞ்சினர், எதைப் பேசாது விட்டனர் என்பதற்கான ஆவணமே கைநழுவிப் போகிறது. தடயங்கள் அழியுமுன் அவற்றைத் திரட்டுவது துப்பறிவாளருக்கு முதற்கடன். ஆய்வாளருக்கும் அதுவே.